வண்டி முழுசாகிவிட்டது, அண்ணே

எண்ணெய்க் கையைக்கூடக் கழுவாமல் கிளம்பிப் போன என் அருமை அண்ணனுக்கு,

உன் தங்கச்சி ஈசு எழுதுகிறேன். இங்கே ஆடிக் காற்று ஆளைத் தூக்குகிறது. கரிசல் காட்டுப் புழுதி பூராவும் நம் வீட்டுக்குள் வந்து குடியேறிவிட்டது. சோற்றில் மண், பாயில் மண், தலையில் மண். நீ இருந்திருந்தால், "இந்தக் காத்துல எவளாச்சும் எஞ்சினைத் தொறப்பாளா?" என்று கத்தியிருப்பாய். திறந்தது நீ. மூடாமல் போனதும் நீ. அதனால் கத்துகிற வேலையை இந்தத் தடவை நான் வைத்துக்கொண்டேன்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன். நீ போன பிறகு இங்கே என்ன நடந்தது என்று உனக்கு யார் வந்து சொல்லியிருக்கப் போகிறார்கள்?

போன வருஷம் மதுரைப் பக்கம் மண் டிராக்கில் நடந்த பெண்கள் ரேஸில் நான் கடைசிக்கு முந்தின ஆளாக வந்து சேர்ந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதேன். நீ தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே சொன்னாய்: "ஒம் மேல கொறை இல்லத்தா. வண்டிக்கு மூச்சு பத்தல. பெரிய பிளாக்கைப் போட்டு கேமையும் மாத்திட்டோம்னா, அடுத்த வருசம் அவளுக பூராம் ஒம் முதுகைத்தேன் பாக்கணும்." சொன்னதோடு நிற்கவில்லை. தறிக்கூடத்துக்குப் போய்வரும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் போனிலேயே கிடந்து, பிஸ்டன் ஏறி இறங்குகிற பெரிய பிளாக், அதற்கேற்ற பிஸ்டன், வால்வைத் திறந்து மூடுகிற புதுக் கேம், வாய் அகலமான கார்பரேட்டர் என்று ஒவ்வொன்றாக வரவழைத்தாய். பார்சல் வரும்போதெல்லாம் குழந்தை பிறந்த வீடு மாதிரி அமர்க்களம் செய்தாய். அம்மாவைக் கூப்பிட்டு பிஸ்டனைக் கையில் கொடுத்து, "எப்படி இருக்கான் பேரன்?" என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா?

பங்குனியில் ஒரு நாள் பட்டறை வேண்டாம், வீட்டிலேயே போடலாம் என்று வண்டியைப் பிரித்தாய். மேலே மூடியிருக்கிற ஹெட்டைக் கழற்றி, பழைய பிளாக்கை உருவி எடுத்து, கசியாமல் இருக்க நடுவில் வைத்து ஒட்டிக்கிடந்த பழைய கேஸ்கெட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். நான் மில்லில் இருந்தேன். மதினி தறிக்கூடத்தில் ஊடைநூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். வீட்டில் அம்மா மட்டும்தான். அம்மா ரோட்டுக்கு ஓடி, திருச்சுழியிலிருந்து வந்த ஷேர் ஆட்டோவை மறித்து உன்னை ஏற்றினாள். அதில் ஏற்கெனவே ஆள், மூட்டை, கோழிக்கூடை எல்லாம் இருந்தன. வழியில் ஆளை இறக்கி, மூட்டையை இறக்கி, டவுன் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நீ இல்லை.

அங்கிருந்த யாரோ ஒரு அம்மாள் இரக்கப்பட்டு, "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். நல்ல மனசோடு சொன்னதாகத்தான் இருக்கும். ஆனால் அம்மா அந்த வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள். துக்கம் கேட்க வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் ஒரே பேச்சுதான். "வண்டி முழுசா நின்னிருந்தா எம்புள்ள பொழைச்சிருப்பான். இந்தா கெடக்கு பாருங்க, கொடலை உருவிப் போட்ட மாதிரி. இது எம்புள்ளையக் கொன்னுருச்சு."

எத்தனையோ பேர் மகன் வண்டியில் போய் விழுந்ததால் வண்டியை வெறுப்பார்கள். நம் அம்மா வண்டி ஓடாமல் கிடந்ததால் அதை வெறுத்தாள். சாமான்களை உன் பழைய லுங்கியில் கட்டி உள்ளறையில் வைத்தேன். வண்டியையும் அங்கேயே மூலையில் தள்ளிப் போர்த்தி வைத்தேன். அம்மா அந்த மூலைப் பக்கம் விளக்குமாற்றைக்கூடக் கொண்டு போகவில்லை.

இந்த ஆடி பிறந்ததும் ஒரு நாள் அம்மா மல்லாங்கிணற்று மாமாவுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "ஏலே தம்பி, புதன்கெழமை காலையில லோடு ஆட்டோவை எடுத்துக்கிட்டு வா. அந்த வண்டிய அள்ளிக்கிட்டுப் போயி பழைய இரும்புக் கடையில போட்டுரு. எனக்கு ஒண்ணும் வேணாம். கண்ணுல பட்டாப் போதும், வயிறு எரியுது."

போனை வைத்ததும் நான் கேட்டேன். "மாட்டி ஓட வெச்சுட்டா?"

"ஓட வெச்சு? இனிமே யாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவ?"

அம்மா அடுப்படிக்குப் போனாள். என்ன நினைத்தாளோ, நிலைப்படியில் நின்று திரும்பாமலே சொன்னாள். "புதன்கெழமை காலையில அது ஓடுனா நிக்கட்டும். ஓடலைன்னா போகட்டும்."

உன் கை கடைசியாகப் பட்ட வேலை அது, அண்ணே. அதைப் பாதியில் இரும்புக் கடைத் தராசில் ஏற்றுவதா? நான் மில்லில் லீவு சொல்லிவிட்டு வந்து உள்ளறையில் சாக்கை விரித்தேன். உனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த கைதான், நான் ஒன்றும் மெக்கானிக் இல்லை. ஒரு எஞ்சினை முழுசாக மூடியதும் இல்லை. போனில் வீடியோக்களை ஓடவிட்டுப் பார்த்தேன். ஒவ்வொருவனும் ஒவ்வொரு மாதிரி சொன்னான்.

அப்போது மதினி வந்தாள். உன் நாலு முழ வேட்டியை நனைத்துப் பிழிந்து கையில் வைத்திருந்தாள். அதை அறை வாசலில் திரைபோலக் கட்டினாள்.

"புழுதி உள்ள வந்தா பிஸ்டன் கீறிப்போகும்பாகல்ல அவுக" என்றாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். "என்ன செய்யணும், சொல்லு."

மதினி எப்படி இருக்கிறாள் என்று கேட்பாய். தறிக்குப் போகிறாள், வருகிறாள். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள். உன் சட்டையைத் துவைத்து மடித்துத் துவைத்து மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் முகத்தில் கொஞ்சம் கோபம் பார்த்தேன். கோபம் வந்தால் ஆள் திரும்பி வருகிறாள் என்று அர்த்தம்தானே?

முதலில் எஞ்சின் வாயில் நீ திணித்து வைத்திருந்த துணியை எடுத்தோம். பிஸ்டனை மாட்டி, அது கழலாமல் பூட்டுகிற ஊசியளவு கம்பி வளையத்தை அதன் இடத்தில் அழுத்த வேண்டும். அது தெறித்து எஞ்சினுக்குள் விழுந்தால் தொலைந்தது. முதல் தடவை தெறித்தது. ஆனால் வெளியே தெறித்தது. மதினியின் கொண்டைக்குள் போய் ஒளிந்துகொண்டது. அவள் தலையை உலுப்ப உலுப்ப, எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை அவளே வாங்கி அழுத்தினாள். தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போடுகிற விரலுக்கு அந்த வளையம் அடங்கிப் போனது.

அடுத்தது பிளாக்கை இறக்குவது. பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்குகளை மதினி விரலாலேயே நாலு பக்கமும் அமுக்கிப் பிடிக்க, நான் மேலிருந்து பிளாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். ரிங் ஒன்று ஒடிந்தாலும் வேறு கிடையாது. "மெதுவா, மெதுவா, ஈசு மெதுவா" என்று மதினி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். என் நெற்றி வேர்வை பிளாக்குக்குள் சொட்டிவிடக்கூடாதே என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டேன். கடைசி ரிங் உள்ளே போனபோது மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. ஒடிந்ததா, உட்கார்ந்ததா? கிக்கரைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். பிஸ்டன் வழவழவென்று ஏறி இறங்கியது.

ஹெட்டை வைத்தோம். கேமை எண்ணெயில் குளிப்பாட்டி வைத்தோம். செயினை மாட்டி, பல்சக்கரத்தின் குறியை எஞ்சின் குறிக்கு நேராக வைத்துப் பார்த்தோம். ஒரு பல் தப்பினாலும் வால்வு போய்ப் பிஸ்டனில் இடிக்கும் என்று நீ பயமுறுத்தியிருந்தாயே, அதனால் நான் பார்த்து, மதினி பார்த்து, திரும்ப நான் பார்த்தேன். நீ வாங்கி வைத்திருந்த, சத்தம் போடுகிற புது சைலன்சரைத் தொடவில்லை. அது ரேஸ் அன்றைக்கு. இப்போதைக்குப் பழைய சைலன்சரே போதும் என்று அதையே மாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வண்டியை வாசலுக்குத் தள்ளினோம். அம்மா வேப்பமரத்தடியில் விறகுக்குப் பருத்திமாரை ஒடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். வேலையை நிறுத்தவில்லை.

முதல் உதையில் கிக்கர் திருப்பி அடித்து என் கெண்டைக்காலைப் பதம் பார்த்தது. பெரிய பிஸ்டன் இல்லையா, மிதிக்கவே முடியவில்லை. அடுத்த உதைக்கு ஒரு செருமல். அதற்கடுத்ததற்கு ஒன்றுமில்லை. மதினி பின்னால் நின்று என் இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். நான் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஏறி மிதித்தேன். பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தம் எப்படி இருந்தது தெரியுமா? பழைய சத்தத்துக்கு அடியில் இன்னொரு கனத்த சத்தம். மதினி கைதட்டினாள். நான் அம்மாவைப் பார்த்தேன். பருத்திமார் கட்டு அவள் கையிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது.

நல்ல நேரம் அத்தோடு முடிந்தது. மேலே ஹெட்டிலிருந்து ஒரு சலசலப்பு. முதலில் லேசாக. பிறகு யாரோ தட்டில் கரண்டியைத் தேய்க்கிற மாதிரி. புது எஞ்சின் ஓடினால் மேலே எண்ணெய் ஏறுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும் என்று எல்லா வீடியோக்காரனும் சொல்லியிருந்தான். அந்த ஒன்றில் மட்டும்தான் அவர்கள் அத்தனை பேரும் ஒத்துப்போனார்கள். ஹெட்டின் உச்சியில் இருக்கிற சின்ன டாப்பெட் மூடியைத் திருகித் திறந்தேன். எண்ணெய் தெறித்து என் முகத்தில் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை.

மதினி எட்டிப் பார்த்தாள். "என்ன ஈசு இது, நம்ம கண்மாய் மாதிரி வறண்டு கெடக்கு?"

சாவியைப் பிடுங்கி எஞ்சினை அணைத்தேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கேமும் ஹெட்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்திருக்கும்.

"எண்ணெய் ஊத்தலையோ?" என்றாள் மதினி. ஊற்றியிருந்தோம். அளவு சரியாக இருந்தது. எண்ணெயை ஏற்றுகிற பம்பா? பம்பை நீயும் கழற்றவில்லை, நானும் தொடவில்லை. அப்படியானால் கீழே இருக்கிற எண்ணெய் ஏன் மேலே வரவில்லை? பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. விடிந்தால் மாமா வந்துவிடுவார். அம்மா எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஓடிச்சே. ஏன் நிறுத்திட்ட?"

"ஓடினா கெட்டுப்போகும்மா."

"ஓடாட்டியும் கெட்டதுதான், ஓடினாலும் கெட்டதுதான். நல்ல வண்டி." அவள் போய்விட்டாள்.

திரும்பவும் உள்ளறை. திரும்பவும் ஈர வேட்டி. மாட்டியதை எல்லாம் கழற்றினோம். பிளாக்கைத் தூக்கி எடுத்து, எஞ்சினின் அடிப்பாகத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓரத்தில் பேனா ரீஃபில் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. எண்ணெய் மேலே ஏறுகிற வழியே அதுதான். அதற்குள் கருப்பாக ஏதோ அடைத்திருந்தது. பிசுக்கு என்று நினைத்து ஊக்கால் குத்தினேன். ஊக்கு மெத்தென்று இறங்கியது. ஊக்கைக் கொக்கியாக வளைத்து இழுத்தேன்.

நூல் வந்தது.

இழுக்க இழுக்க வந்தது. மேலே எண்ணெய்க் கருப்பு, உள்ளே போகப் போகச் சிவப்பு. தறியில் சேலைக் கரைக்கு ஓட்டுகிற சிவப்பு நூல். மதினி அதை என் கையிலிருந்து வாங்கினாள். விரலில் வைத்து உருட்டினாள்.

"இது அவுக சட்டைப் பையில எப்பவும் கெடக்குமே ஈசு. தறியில விழுற வேஸ்ட்டு. கை தொடைக்க, மூக்கு தொடைக்க, எல்லாத்துக்கும் இதானே. சட்டை துவைக்கையில தெனம் எடுத்துப் போடுவேன்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேஸ்கெட்டைச் சுரண்டுவதற்கு முன்னால், சுரண்டுகிற துகள் உள்ளே விழுந்துவிடக்கூடாது என்று பார்த்துப் பார்த்து அடைத்திருக்கிறாய். வேறு ஊர் ஆளாக இருந்தால் வெள்ளைத் துணியைக் கிழித்து வைத்திருப்பான், வெளியே நீட்டிக்கொண்டு கண்ணில் பட்டிருக்கும். தறி ஓடுகிற நம் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் நூல் வேஸ்ட்தானே. அதையும் ஊக்கால் ஆழமாகக் குத்தி, சுத்தமாக அடைத்திருக்கிறாய். முடித்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பாய். முடிக்கவில்லையே நீ.

எனக்கு உன் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஸ்பேனரைத் தூக்கிச் சாக்கில் எறிந்தேன். "கட்டிக் காப்பாத்துறேன்னு அடைச்சு வெச்சுட்டுப் போயிட்டான் பாருங்க மதினி, இந்த ஆளு!" என்று கத்தினேன். மதினி நூலைக் கண்ணில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் கன்னமெல்லாம் கருப்பு எண்ணெய். அண்ணே, நீ போன அன்றைக்கு ஊரே கூடி அழச் சொல்லியும் அவள் அழவில்லை. அன்றைக்குத்தான் அழுதாள். நானும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். வேட்டித் திரை காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது.

அழுது முடித்ததும் அடுத்த தலைவலி. ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட் ஒன்றுதான் இருந்தது, ஒரு தடவை இறுக்கிக் கழற்றியாகிவிட்டது. இந்தப் பெரிய பிளாக்குக்கு நம்மூர்க் கடையில் கிடைக்காது. ஆனால் நீ செப்புத் தகட்டில் வாங்கி வைத்திருந்தாய், அந்த மட்டும் புண்ணியம். செம்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிக்கொடுக்கும். பழுக்கக் காய்ச்ச வீட்டில் இருப்பது அம்மாவின் கேஸ் அடுப்பு ஒன்றுதான்.

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் இடுக்கியில் அந்தச் செப்பு கேஸ்கெட் வளையத்தைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றேன்.

"என்னடி அது?"

"அண்ணன் வாங்கினதும்மா. சுட வைக்கணும்."

அம்மா வளையத்தையே பார்த்தாள். எண்ணெய் வழிகிற என் கையைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். குழம்புச் சட்டியை இறக்கிக் கீழே வைத்தாள்.

"இங்க குடு. நீ கையைச் சுட்டுக்குவ."

அவளே இடுக்கியை வாங்கித் தீயில் பிடித்தாள். அப்பளம் சுடுகிற பதத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினாள். செம்பு கருத்தது, பிறகு மங்கலாகச் சிவந்தது. "போதுமா?" என்றாள். "இன்னும் கொஞ்சம்மா" என்றேன். தண்ணீர் வாளியில் போட்டபோது சுர்ரென்று ஆவி கிளம்பி எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. அம்மா சட்டியைத் தூக்கி மறுபடி அடுப்பில் வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தாள்.

புதன்கிழமை காலையில் நாங்கள் கடைசி நட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோதே தெருவில் லோடு ஆட்டோ சத்தம் கேட்டுவிட்டது. மாமா கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"என்ன மருமகளே, மூஞ்சியெல்லாம் கரி? வண்டியக் கட்டுவமா?"

"கொஞ்சம் பொறுங்க மாமா."

"எங்க பொறுக்க? எனக்கு வீரசோழன்ல ஒரு லோடு நிக்குது. ஏக்கா, என்ன சொல்ற?"

அம்மா நிலைப்படியில் நின்றிருந்தாள். "பொறுடா" என்றாள்.

உதைத்தேன். பிடிக்கவில்லை. மறுபடி உதைத்தேன். மாமா கயிற்றைத் தோளிலிருந்து இறக்கினார். மதினி டாப்பெட் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து நின்றாள். அடுத்த உதைக்கு எஞ்சின் பிடித்தது. நான் ஆக்ஸிலேட்டரைத் தொடவே பயந்து மதினியையே பார்த்தேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. பிறகு மதினி "ஆத்தே!" என்று பின்வாங்கினாள். பொங்கி வந்த எண்ணெய் அவள் நெற்றியில் தெறித்து மூக்கு வழியாக ஓடியது. குங்குமம் வைக்கிற இடத்தில் வழிகிற எண்ணெயைத் துடைக்காமலே அவள் சிரித்தாள்.

மாமா கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டார். கயிற்றைச் சுருட்டினார். "இதை எப்படிக்கா இரும்புக் கடையில போடுறது?" என்று கேட்டுவிட்டுப் போய் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அம்மா உள்ளே போனாள். வெளியே வந்தபோது முகம் கழுவி, வேறு சேலை மாற்றியிருந்தாள்.

"எடு. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"என்னம்மா செய்யுது?"

"எனக்கு ஒண்ணும் செய்யல. எம்புட்டு நேரத்துல போகுதுன்னு பாக்கணும்."

மதினி என்னைப் பார்த்தாள், நான் மதினியைப் பார்த்தேன். அம்மா பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணே, அந்த ரோட்டில் நான் பட்ட பாட்டை உன்னிடம்தான் சொல்ல முடியும். வேகமாகப் போனால் சீக்கிரம் போய்விடும். போனால் அம்மா அங்கே இறங்கி, "பாத்தியா, பொழைச்சிருப்பான்" என்பாள். சாகிற வரைக்கும் அந்தக் கணக்கு அவளை விடாது. மெதுவாகப் போனால் அவளை நான் ஏமாற்றுகிறேன். புதுப் பிஸ்டனை எடுத்த எடுப்பில் விரட்டக்கூடாது, முதலில் பதமாகத்தான் ஓட்டிப் பழக்க வேண்டும். உண்மையான காரணம்தான் அது. ஆனால் அந்தக் காரணம் எனக்கு அன்றைக்கு ரொம்பவும் தோதாக இருந்தது. அதுதான் உறுத்தியது.

மெதுவாகத்தான் போனேன். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். எதிர்க்காற்று வண்டியை ரோட்டை விட்டுத் தள்ளியது. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது. நம் வண்டியைப் பஸ் தாண்டுவதா என்று உனக்கு மானம் போயிருக்கும். என் தோளில் இருந்த அவள் கை மட்டும் இறுகுவதும் தளர்வதுமாக இருந்தது. அன்றைக்கு உன்னை ஏற்றிய ஆட்டோவில் இருந்து ஆள் இறங்கிய இடங்களில் எல்லாம் இறுகியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை, அணைத்தால் அம்மா பேச ஆரம்பித்துவிடுவாள் என்று பயம். அவள் இறங்கி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யார் யாரோ உள்ளே போனார்கள், வந்தார்கள்.

"மெதுவாத்தேன் வந்த" என்றாள்.

"புது எஞ்சின்ம்மா. வேகமா ஓட்டக் கூடாது."

"தெரியும். அவன் சொல்லியிருக்கான்."

எஞ்சினுக்கு மேலே பெட்ரோல் டேங்கில் கை வைத்தாள். சூடு. கையை எடுக்காமலே பேசினாள்.

"வரும்போது யோசிச்சுக்கிட்டே வந்தேன்டி. அன்னைக்கு இது முழுசா நின்னிருந்தா யாரு ஓட்டியிருப்பா? எனக்கா ஓட்டத் தெரியும்? நீ வீட்ல இல்ல. அவந்தேன் ஓட்டியிருப்பான். ஒண்ணுமில்லம்மா, டவுனுக்குப் போயிட்டு வாரேன்னு சிரிச்சுக்கிட்டே எடுத்துட்டுப் போயிருப்பான், எனக்குக்கூடச் சொல்லாம. நடுரோட்டுல தனியா விழுந்து கெடந்திருப்பான். யாரோ எவரோ தூக்கியிருப்பாக." அவள் முந்தானையால் வாயைப் பொத்தினாள். பிறகு எடுத்தாள். "இது பிரிஞ்சு கெடந்ததாலதேன் எம்புள்ள எம் மடியில கெடந்தான்."

எனக்கு அங்கேயே, அத்தனை பேர் முன்னாலேயும், வண்டியைப் பிடித்துக்கொண்டே கதறத் தோன்றியது. கதறவில்லை. ஹேண்டில்பாரை விட்டால் வண்டி சாய்ந்துவிடுமே.

அம்மா ஏறி உட்கார்ந்தாள். இந்தத் தடவை தோளைப் பிடிக்கவில்லை, என் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாள். "சுக்குமல்லிக் காப்பி குடிச்சிட்டுப் போவமா?" என்றாள். நீ போன பிறகு அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான், அண்ணே.

மறுநாள் பார்த்தால், அந்தச் சிவப்பு நூலை மதினி சீயக்காய் போட்டு அலசிக் காயவைத்திருந்தாள். என் சாவியில் கட்டிவிட்டாள். வண்டி இப்போது வாசலில் நிற்கிறது. இரண்டு நாளாக அம்மா விளக்குமாற்றால் அதைச் சுற்றிப் பெருக்குகிறாள்.

ரேஸ் வருகிறது. ஜெயிப்பேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன், அது என் கையில் மட்டும் இல்லை. இரண்டுக்கு மட்டும் வாக்குத் தருகிறேன். இனி எந்தத் துளையை அடைத்தாலும், அடுத்து வருகிறவர் கண்ணில் படும்படி ஒரு சாண் நூலை வெளியே விட்டுத்தான் அடைப்பேன். டிராக்கில் நான் எவ்வளவு விரட்டினாலும், அம்மா பின்னால் உட்கார்ந்திருக்கிற நாளில் பஸ் தாண்டினாலும் தாண்டட்டும், அன்றைக்குப் போன அதே நிதானத்தில்தான் போவேன்.

இன்னும் எண்ணெய்க் கையோடு இருக்கிற
உன் கூடப்பிறந்தவள்,
ஈசு